வாடகை வீட்டு வெயில்

துரத்திவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் முதலில் வாயைக் கொப்பளித்துவிட்டு வரட்டும். கலைமதியை யாரும் துரத்தவில்லை. வாடகை வீட்டு மாடியில் சோலார் போட்டு வீட்டையே அமுக்கப் பார்த்தாள், வீட்டுக்காரர் கருப்பண்ணன் முந்திக்கொண்டார் என்று குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் ஒரு கதை கட்டினாள். அந்தக் கதை ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைகீழாகிவிட்டது. அங்கே சொன்னது, கருப்பண்ணன் அவள் காசில் தகடு போட வைத்தாராம், அரசாங்க மானியத்தையும் விழுங்கினாராம், பிறகு மூட்டையைக் கட்டச் சொன்னாராம். இரண்டும் பொய். ஒருத்தியைப் பற்றி இரண்டு கதை உலவினால் ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று ஊர் நினைக்கிறது. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை.

"வாடகை வூட்டுக்கு எவளாச்சும் சோலார் போடுவாளா? அடுத்தவ புள்ளைக்குக் கொலுசு வாங்கிப் போட்ட மாதிரி இல்ல இருக்குது!" என்று பெரியம்மாள் கேட்டாள்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதில் பொம்மிடிக் குழாயடியில் கிடைக்காது. கலைமதி குடியிருந்த ஏழு வீட்டிலும் ஏறி இறங்கினால்தான் கிடைக்கும். அதற்கும் முன்னால் சித்தேரி மலைக்குப் போக வேண்டும்.

அவள் பிறந்த மலைக்கிராமத்தில் அவள் கல்யாணமாகிக் கீழே இறங்கும் வரைக்கும் கரண்டு கிடையாது. அங்கே வேலை செய்ததெல்லாம் வெயில்தான். சாமையைக் காய வைத்தது வெயில், புளியைக் காய வைத்தது வெயில், ஈரத் துணியை, ஈர விறகை, மழையில் நனைந்து வந்த அப்பனின் முதுகைக் காய வைத்ததும் அதே வெயில். பாறை மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் இமைக்கு உள்பக்கம் சிவப்பாக ஒரு உலகம் தெரியும். அந்தச் சிவப்புக்குள் அவள் மணிக்கணக்காகக் கிடப்பாள். போதும், நிறுத்து என்று வெயிலைப் பார்த்து அங்கே யாரும் சொன்னதில்லை.

மாதவராஜைக் கட்டிக்கொண்டு பொம்மிடிக்கு வந்தாள். அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நாலு வருஷம் பண்டிகைக்குப் பண்டிகை வந்தார். பிறகு பண்டிகைகள் மட்டும் வந்தன. அதைப் பற்றி அவளே பேசியதில்லை, மற்றவர்கள் பேச என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை. தையல் இருந்தது. ரவிக்கை தைத்தால் கைக்குழி சுருங்காமல் வரும் என்று பெயர் வாங்கினாள்.

முதல் வீட்டில் மெயின் சுவிட்சு வீட்டுக்காரர் அறைக்குள் இருந்தது. அவருக்குக் கொட்டாவி வந்தால் இவள் வீடு இருண்டுவிடும். இரண்டாவது வீட்டில் தனியாக ஒரு குட்டி மீட்டர் மாட்டியிருந்தார்கள். அது இவள் ஊரில் இல்லாத நாளிலும் ஓடியது. மூன்றாவது வீட்டில் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டக் கூடாது என்றார்கள், காலால் மிதித்துத் தைத்தாள். நாலாவது வீட்டு அம்மாவுக்கு மூக்கு அப்படி. மாடியில் இவள் ரவிக்கைக்கு இஸ்திரி போட்டால் கீழே அந்த அம்மாளுக்கு மணம் தெரிந்துவிடும். "ஏம்மா, பொட்டி போடறியா?" என்று படிக்கட்டுக்கு அடியிலிருந்து குரல் வரும். அந்த வீட்டில் சித்திரை மாதம் முழுக்க அளவு நோட்டால் விசிறிக்கொண்டு, யாராவது வந்தால் நோட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபேன் போட்டால் ஒரு பேச்சு, போடாமல் வியர்த்துக் கிடந்தால் பாவம் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் அவளுக்கு வேண்டாம்.

ஐந்து, ஆறு என்று வீடு மாறியதே தவிர அந்த ஒரு வார்த்தை மாறவில்லை. ஃபேனை நிறுத்து. லைட்டை அணை. ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள், பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது போகிற போக்கில் சுவிட்சை அணைத்துவிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மனசுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டாள்: சாகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு வீட்டில், யாரும் நிறுத்து என்று சொல்லாமல் நான் இருப்பேனா?

அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வீட்டை அமுக்க ஆசைப்பட்டாளாம்!

ஏழாவது வீடு கருப்பண்ணன் வீடு. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி காசியம்மாளும் கீழே இருந்தார்கள். மாடியில் பாதி இவள் குடியிருந்த அறையும் சமையலும், மீதிப் பாதி மொட்டை மாடி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கரண்டு இணைப்பு. பில்லை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் கத்தியதில்லை. பில் வருகிற அன்றைக்குக் கருப்பண்ணன் போனைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். கத்துகிறவரைத் தாங்கிக்கொள்ளலாம். பெருமூச்சு விடுகிற நல்ல மனிதரை எப்படித் தாங்குவது? கலைமதி அந்த மூச்சுக்குப் பயந்தே பகலில் மோட்டாரைக் கழற்றி வைத்தாள்.

லைனிங் துணி வாங்கத் தருமபுரிக்குப் போன ஒரு நாள், கவுஸ் பாஷாவின் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் நீலக் கண்ணாடித் தகடு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் வானம் தெரிந்தது. வானத்துக்குள் ஒரு காக்கை போனது. அவள் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

"வூட்டுக்குங்களாம்மா? அரசாங்கம் பாதிக்குக் கிட்ட மானியம் தருது" என்றார் கவுஸ் பாஷா. "சொந்த வூடுதானே?"

"இல்லீங்க, வாடகை."

"அப்ப ஓனரைக் கூட்டிட்டு வாங்க. கூரை யாருதோ, கரண்டு யார் பேர்ல இருக்குதோ, அவருக்குத்தான் மானியம். குடியிருக்கறவங்க பேர்ல கெடைக்காது."

"வெயில் யாருதுங்க?"

அவர் சிரித்துவிட்டார். "வெயிலுக்கு இன்னும் யாரும் பட்டா வாங்கலம்மா. அதுக்குள்ள சீக்கிரம் போய் ஓனரைக் கேளுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டாள். மலை மேல் பாறையில் கிடந்த அதே வெயில் பஸ்ஸோடு கூடவே வந்தது. மாடியில் இறங்கியது. கம்பி வழியாக அவள் மெஷினுக்குள் நுழைந்தது. ஊசி முனையில் மினுக்கிக்கொண்டு ரவிக்கைத் தையலுக்குள் போனது. ஊர்ப் பெண்களெல்லாம் முதுகில் வெயிலைப் போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனார்கள். இறங்க வேண்டிய இடத்தில் நடத்துனர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அன்றைக்கே கருப்பண்ணனிடம் சொன்னாள். புது மெஷினுக்கென்று சேர்த்த பணத்தைத் தானே போடுவதாகவும், மானியம் அவர் கணக்கில் வந்ததும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றும், மிச்சத்துக்கு இரண்டு வருஷம் வாடகை இல்லாமல் இருந்துகொள்வதாகவும் விளக்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா கண்ணு?" என்றாள் காசியம்மாள். "நாளைக்கு நீ வேற வூட்டுக்குப் போனா?"

"எங்க போறேன் பெரிம்மா? இங்கதான் இருப்பேன்." காசியம்மாளைக் கலைமதி பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டுக்காரரும் குடித்தனக்காரியும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். கல்யாண நிச்சயம் போல என்று காசியம்மாள் கேலி செய்தாள். பத்திரம் எழுதும்படி பலர் சொன்னார்கள். வெற்றிலை மாற்றிய பிறகு பத்திரம் எதற்கு என்று கருப்பண்ணன் விட்டுவிட்டார்.

தகடு மாட்ட ஆட்களோடு கவுஸ் பாஷா வந்த அன்றுதான் முதல் சண்டை. நாலு தகடும் தெற்குப் பார்த்து நிற்பதைக் கண்டு காசியம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தெக்கால பாத்தா வெக்கறது? அது எமன் தெசை. எங்கூட்டு வாசலே கெழக்கு. சூரியன் பொறக்கற பக்கம் திருப்பி வைங்க!"

"அம்மா, சூரியன் பொறக்கற எடத்தை மட்டும் பாத்தா போதுங்களா? மத்தியானம் பூரா எங்க நிக்குதுன்னு பாக்க வேணாமா? புள்ள பொறந்த ஊர்லயேவா இருக்குது? வேல பாக்கற ஊர்லதான போய்ப் பாக்கணும்?" என்றார் கவுஸ் பாஷா.

காசியம்மாளுக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. ஆனாலும் நாலு தகட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பேன் என்று நின்றாள். "ஓரச் சட்டத்துல வைங்கம்மா, கண்ணாடி மேல வேணாம்" என்று கவுஸ் பாஷா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் போனதும் கண்ணாடியிலேயே வைத்தாள்.

மானியம் வந்தது. பெரியம்மாளும் ரேஷன் கடையும் இதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். பணம் கணக்கில் ஏறிய மறுநாளே கருப்பண்ணன் வங்கிக்குப் போய் முழுசாக எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, மனைவியோடு மாடியேறி வந்து கொடுத்தார்.

பிறகு வந்த நாட்களைக் கலைமதியின் நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். காலையில் தகட்டின் மேல் வெளிச்சம் பால் போலப் பரவும். அவள் பழைய பருத்திச் சேலையை நனைத்து, குழந்தையைத் துடைப்பது போல ஒவ்வொன்றாகத் துடைப்பாள். மத்தியானம் தகட்டுக்கு அடியில் விழும் நிழலில் பாயை விரித்துப் படுப்பாள். மேலே வெயில் தகட்டில் இறங்கும் சத்தம் கேட்கிறது என்பாள். அப்படி ஒரு சத்தம் கிடையாது, அவளுக்குக் கேட்டது. கீழே வருகிற கரண்டையும் போகிற கரண்டையும் கணக்கு எடுக்கிற புது மீட்டர். கையில் போன், அதில் ஒரு படம். சூரியனிலிருந்து ஒரு மஞ்சள் கோடு வீட்டுக்கு வரும். வீடு தின்றது போக மிச்சம் இன்னொரு கோடாகத் தெருக் கம்பத்துக்குப் போகும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடிக்கு எதிரே தண்டவாளத்தில் ரயில் வரும், போகும், ஜன்னலில் முகங்கள் ஓடும், அவள் நிமிர மாட்டாள். பெரியம்மாள் வீட்டு மிக்சி தன் வெயிலில்தான் சுற்றுகிறது என்று நினைத்தால் பெரியம்மாள் மேல் கூட அவளுக்குப் பிரியம் வந்தது.

ஆனால் அந்தக் கோடு சும்மா இருக்கவில்லை. சில நேரம் தடிக்கும், சில நேரம் மெலியும். மேகம் வந்தால் மெலிவது புரிந்தது. மேகமே இல்லாமல் ஏன் மெலிகிறது? ஒரு நாள் கண்டுபிடித்தாள். கீழே காசியம்மாள் டிவி போடும்போது மெலிந்தது.

முதலில் சிரித்துக்கொண்டேதான் போய்ச் சொன்னாள். "பெரிம்மா, முன்ரூம்ல ஃபேன் ஆளில்லாம ஓடுதுங்களே."

"அட ஆமா கண்ணு" என்று காசியம்மாள் எழுந்து போய் நிறுத்தினாள்.

அடுத்த வாரம் தண்ணீர் மோட்டார். அதற்கடுத்த வாரம் குளியலறை லைட். சிரிப்பு எந்த நாளில் உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. பில் ஒன்றும் பெரிதாக வரவில்லை, கருப்பண்ணனின் பெருமூச்சு எப்போதோ நின்றுவிட்டது. கம்பத்துக்குப் போகும் அந்தக் கோடு தடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.  மலையில் பாறை மேல் கிடந்தபோது வெயில் எவ்வளவு என்று அவள் பார்த்ததில்லை. இங்கே எண்ணாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு விட முடியவில்லை.

மாசி முடிந்து பங்குனி பிறந்தது. காசியம்மாள் ராகிக் கூழ் காய்ச்சி வடகம் போடுகிற மாதம். முப்பது வருஷமாக அந்த மொட்டை மாடிதான் அவள் களம். இப்போது அங்கே கால் வைக்க இடமில்லாமல் நாலு தகடு. அவள் சுற்றிப் பார்த்தாள், கையால் தொட்டுப் பார்த்தாள். நல்ல சூடு, தண்ணீர் வடிகிற சாய்வு, இடுப்பு உயரம், நாய் ஏறாது. வடகம் காய வைக்கவென்றே செய்தது போல இருந்தது. வெள்ளை வேட்டியை நாலு தகட்டின் மேலும் விரித்து, கரண்டி கரண்டியாகக் கூழை ஊற்றிவிட்டு, காக்கையை விரட்டக் கறுப்புத் துணியும் கட்டிவிட்டுத் திருப்தியாக இறங்கிப் போனாள்.

உள்ளே தைத்துக்கொண்டிருந்த கலைமதி போனை எடுத்தாள். உச்சி வெயில். கோடு நூலாகக் கிடந்தது. ஓடி வந்து பார்த்தாள்.

"பெரிம்மா! ஏங்க இப்படிப் பண்றீங்க? வேற எடமே கெடைக்கலியா உங்களுக்கு?"

காசியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மேலே ஏறி வந்தாள். "இங்கதான கண்ணு எப்பவும் காய வெப்பேன்."

"அது அப்போங்க. இப்ப தகடு இருக்குதில்ல? பகல் பூரா கரண்டு வீணாப் போச்சு பாருங்க!"

காசியம்மாள் வேட்டியை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டினாள். பாதி காய்ந்த வடகமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிள்ளையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கலைமதி தகட்டில் ஒட்டிய கூழை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். கோடு மறுபடி தடித்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அதிகம் அழுதாள்.

சித்திரையில் கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள். காசியம்மாளுக்குத் தைத்த ரவிக்கையைக் கொடுக்க மத்தியானம் கீழே போனாள். கருப்பண்ணன் வெளியே போயிருந்தார். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. சுவரோரம் வெறும் தரையில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றி, கழுத்து, மார்பெல்லாம் வியர்வை. கையில் பழைய காலண்டர் அட்டை. இவளைக் கண்டதும் அந்த அட்டையைச் சட்டென்று தொடைக்கு அடியில் தள்ளினாள்.

"என்ன பெரிம்மா, கரண்டு இல்லீங்களா?"

"இருக்குது கண்ணு."

"அப்பறம் ஏன் ஃபேன் போடல?"

"ஒருத்திக்கு எதுக்குன்னுதான்." காசியம்மாள் தரையைப் பார்த்தாள். "போட்டா நீ எறங்கி வருவ. ஒவ்வொரு தடவையும் உன்னச் சொல்ல வெக்கறது எனக்கே ஒரு மாதிரி இருக்குது. அதான்."

கோபமில்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் கலைமதி பதில் பேசியிருப்பாள். தன் சொந்த வீட்டில், சொந்தக் கூரைக்குக் கீழே, ஒரு மனுஷி குடித்தனக்காரிக்குப் பயந்து வியர்த்துக் கிடந்தாள். அட்டையை ஒளிக்கிற அந்தக் கை யாருடைய கை என்று கலைமதிக்குத் தெரிந்தது. அப்படியானால் படிக்கட்டில் இறங்கி வருகிற குரல் யாருடையது?

சுவிட்சைப் போட்டாள். ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. காசியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். காசியம்மாள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

அன்றிரவே கலைமதி போனிலிருந்து அந்தக் கோட்டுப் படத்தை நீக்கிவிட்டாள். பயன் இல்லை. கீழே சுவிட்சு டிக்கென்றால் மேலே அவள் ஊசி நின்றது. காசியம்மாள் எப்போது எதைப் போடுகிறாள் என்று காதே எண்ணியது. படத்தை அழிக்கலாம், காதை என்ன செய்வது? பத்து நாள் தன்னோடு மல்லுக்கு நின்று பார்த்தாள். பதினோராம் நாள் கருப்பண்ணனிடம் போனாள்.

"பெரிப்பா, நான் வூடு மாத்திக்கறேனுங்க. ரயில்வே கேட்டுக்கிட்ட ஒண்ணு பாத்திருக்கேன். ஓட்டு வூடு, தனி மீட்டரு."

அவர் பதறிவிட்டார். "நாங்க ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டமா? இவ ஏதாச்சும் சொன்னாளா?"

"ஐயோ, இல்லீங்க. இந்தத் தகட்டுக்குக் கீழ இருந்தா என்னால நல்லவளா இருக்க முடியலீங்க. அவ்வளவுதான்."

அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற காசியம்மாளுக்குப் புரிந்தது, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தகட்டக் கழட்டிக்கறியா?"

"எங்க கொண்டு போய் வெப்பேன்? அந்த ஓடு தாங்காது. இருக்கட்டுங்க. வெயில் இங்க வந்து பழகிடுச்சு."

வாடகைக் கணக்கில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அதற்கான பணத்தைக் கருப்பண்ணன் தேடி எடுத்து வந்து கொடுத்தார். அவள் வேண்டாம் என்று நாடகம் ஆடவில்லை, வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஏமாற்றிய கதையும் இத்தோடு முடிந்தது.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், தெருவே பார்க்கத்தான் போனாள். மெஷினும் பீரோவும் பாத்திர மூட்டையும் குட்டியானை வண்டியில் முன்னாலேயே போய்விட்டன. காசியம்மாள் மோர் கரைத்துக் கொடுத்தாள். முன்ரூமில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. கலைமதி அதன் கீழே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், சொம்பு காலியாகும் வரை குடித்தாள். சாவியைக் காசியம்மாள் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள்.

"மண்ட காயற வெயிலு. இந்தக் கொடைய எடுத்துக்க கண்ணு."

"வேணாங்க பெரிம்மா. ரயில்வே கேட்டு வரைக்கும் இந்த வெயில்லயே நடந்து போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.